டெல்லியில் எடுக்கும் வரை

பாவாயிக்கு ஆரஞ்சுப் பழம் ஆகாது. சேர்வராயன் மலையில் பிறந்துவிட்டு ஆரஞ்சு ஆகாது என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? பழக்காலம் வந்துவிட்டால் கொட்டச்சேட்டிலிருந்து மஞ்சக்குட்டை வரைக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கூடை கூடையாகக் கிடக்கும். இவள் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவாள். காரணம் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். தெரிந்துகொண்டே, வேண்டுமென்றே, நாலு பேர் நடுவில் "ஏன் கண்ணு, ஒரு பழம் தின்னேன்" என்று நீட்டுகிறவன் அவள் ஊரான அத்திச்சேட்டில் ஒருவன்தான் இருந்தான். அவன் ஊர்க்கவுண்டன் பெரியண்ணன்.

அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்பன் செத்ததும் ஊர்க்கவுண்டன் பட்டம் தானாக வந்து மடியில் விழுந்தது. அது போதாதென்று கட்சியிலும் போய் ஒட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு நாள் குறிக்க அவன் வேண்டும். சாவுக்கு வெள்ளக்கடை ஊரிலிருந்து மேளக்காரர்களை வரவழைக்க அவன் வேண்டும். எஸ்டேட்டில் வேலை வேண்டுமென்றால் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்லவும் அவனே வேண்டும். இத்தனை பிடியும் ஒருத்தன் கையில் இருந்தால் நாற்பது வீட்டு ஜனம் என்ன செய்யும்? "ஆமாங்க கவுண்டரே" என்று சொல்லும். அதிலும் பாவாயியின் அப்பா குழந்தைவேல் இருக்கிறாரே, அவர் மற்றவர்களை விட ஒரு 'ங்க' கூடுதலாகப் போட்டுச் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் பாவாயிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்து நாலாம் வருசம் அவளுக்குப் பதினோரு வயது. அப்போது அவளுக்கு இந்திராம்மா என்றால் உயிர். அந்த வருசச் சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டார்கள். மரியபுஷ்பம் டீச்சர் பாவாயியைத்தான் பிரதமராக நிற்கச் சொன்னார். அவள் அம்மா சின்னத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. திருநீற்றைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, மகளின் நெற்றிக்கு மேலே முடியில் ஒரு வெள்ளைப் பட்டை தீட்டினாள். தன் கல்யாணச் சேலையை மடித்து மடித்துச் சுற்றிவிட்டாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "எம்மவளப் பாருங்க, டெல்லிக்குப் போறா" என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடம் வரைக்கும் கூட்டிப்போனாள். அன்றைக்குச் சாயங்காலம் பாவாயி தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கட்சிக் காலண்டரின் இந்திராம்மா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, யார் மாதிரி இருக்கிறேன் சொல்லு, யார் மாதிரி இருக்கிறேன் சொல்லு என்று அம்மாவின் உயிரை வாங்கினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம் சின்னத்தாயி காய்ச்சலில் படுத்தாள். கஷாயம் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. எஸ்டேட் ஜீப் ஓட்டும் ஜேசுதாஸ் மறுநாள் காலையில் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு முந்தின சாயங்காலமே அவர் வேறு சேதியோடு வந்தார். டெல்லியில் இந்திராம்மாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம், ரேடியோவில் சொல்லிவிட்டான் என்றார். பாவாயி ஓவென்று அழுதாள். காலண்டரைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே அம்மா முனகிக்கொண்டு கிடந்ததுகூட அவளுக்கு அப்போது காதில் விழவில்லை. விடிவதற்குள் அம்மாவும் போய்விட்டாள்.

காலையில் பெரியண்ணன் வந்தான். சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தான். சின்னத்தாயியைப் படுக்கவைத்திருந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டிவிட்டு, குழந்தைவேலைப் பெரிய மனுசர்கள் நின்ற வாசலுக்கு அழைத்தான். பாவாயி கதவோரம் நின்று கேட்டாள்.

"பெரிய சாவு கெடக்கறப்ப சின்னச் சாவ முன்னால எடுக்கப்படாது. அது மொறை. இந்திராம்மா இந்த நாட்டுக்கே தாயி. டெல்லியில எடுக்கற வரைக்கும் இங்க எதையும் எடுக்க வேண்டாம், கொழந்தவேலு."

ஊரில் ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால் மூத்தவரை முதலில் எடுப்பார்கள், இளையவரைப் பின்னால் எடுப்பார்கள். அது உண்மைதான். அதிலும் அரைப் பொழுது முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். அந்த வழக்கத்தை இழுத்து இழுத்து டெல்லி வரைக்கும் கொண்டுபோக எவனுக்காவது நாக்கு வளையுமா? பெரியண்ணனுக்கு வளைந்தது. கேட்டுக்கொண்டு நின்ற பெரிய மனுசர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். குழந்தைவேல் கையைக் கட்டிக்கொண்டு, "மொறைன்னா செரிங்க" என்றார்.

போகும்போது அந்த ஆள் கதவோரம் நின்ற பிள்ளையின் தலையைத் தடவி, "அழுவாத கண்ணு, உங்கம்மா பெரிய அம்மாவுக்குத் தொணையாப் போறா" என்று வேறு சொன்னான். அந்தப் பேச்சில் பாவாயி மயங்கிவிட்டாள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் போய், எங்கம்மாவும் இந்திராம்மாவும் ஒண்ணாப் போறாங்க என்று பெருமையாகச் சொன்னாள்.

மூன்று நாள் சின்னத்தாயி அந்த வீட்டில் கிடந்தாள். முதல் நாள் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை. மழை விடாமல் பெய்தது, கூரை ஒழுகியது, அடுப்பு மூட்டக் கூடாது என்று வீடெல்லாம் ஈரம். வந்து உட்கார்ந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். எழுந்து போகாதவள் ஒருத்திதான். பெரியண்ணனைப் பெற்றாளே அத்தாயி, அவள். ஒரு சட்டியில் நெருப்பு அள்ளிக்கொண்டு வந்து பிணத்தின் காலடியில் வைத்தாள். கூடை நிறையக் காய்ந்த ஆரஞ்சுத் தோல் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கிள்ளி அந்த நெருப்பில் போட்டுக்கொண்டே இருந்தாள். பாவாயி அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அந்தத் தோல் கருகும் வாசமும் அதற்கடியில் இருந்த இன்னொரு வாசமும் கலந்து அவள் தொண்டைக்குள் போனது. போனது போனதுதான், இன்றுவரைக்கும் வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. வெற்றுப் பாடை ஒன்று கட்டி, அதில் நாற்காலி வைத்து, நாற்காலியில் இந்திராம்மா படத்தை வைத்து மாலை போட்டார்கள். ஆண்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார்கள். பெண்டாட்டி வீட்டில் கிடக்கக் குழந்தைவேலும் அந்த வரிசையில் உட்கார்ந்தார். கட்சியின் வட்டாரத் தலைவர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். பெரியண்ணன் அவர் முன்னால் குனிந்த குனிப்பு இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டாம். மேளம் அடித்து, பட்டாசு வெடித்து, வெற்றுப் பாடையை இடுகாடு வரைக்கும் ஊரே சுமந்துபோய் வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பெரியண்ணன் சோறு போட்டான். தின்றார்கள், குடித்தார்கள், மேளக்காரர்கள் கிடைத்த இடத்தில் விழுந்தார்கள். இருட்டுகிற நேரத்தில், கொட்டுகிற மழையில், மேளமில்லாமல், ஆறே பேரோடு சின்னத்தாயி போனாள்.

கருமாதிக்கு மொட்டை அடிக்க வேண்டுமே என்று குழந்தைவேல் கேட்டபோது, அதுதான் அன்றைக்கே அடித்தாயிற்றே என்று பெரியண்ணன் சொல்லிவிட்டான். குழந்தைவேல் அதற்கும் சரிங்க என்றார்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் பாவாயிக்கு இந்திராம்மா பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். இந்தப் பொம்பளை செத்ததால்தானே எங்கம்மா அப்படிக் கிடந்தாள் என்று மனசுக்குள் திட்டிக்கொள்வாள். அப்பா செய்த காரியம் அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றியது. சின்னத்தாயிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அதனால் வருசா வருசம் திதிக்கு அவர் அந்தக் காலண்டர் படத்துக்கே பூ வைத்து விளக்கேற்றினார். ஒரு வருசம் பாவாயி ஆங்காரத்தில் படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஏற்காட்டுச் சந்தைக்குப் போன அப்பா அதே மாதிரி இன்னொரு படம் வாங்கிக்கொண்டு வந்து அதே ஆணியில் மாட்டினார். அன்றைக்குத்தான் அவள் கேட்டாள், "அந்த மொட்டை யாருக்குங்கப்பா அடிச்சீங்க?" என்று. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்வையை எடுக்காமலே, "மொறைன்னு சொன்னாங்க சாமி" என்றார்.

வயது ஏற ஏறக் கோபம் இடம் மாறியது. டெல்லியில் செத்தவளுக்கு அத்திச்சேடு என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அவளா வந்து சின்னத்தாயியை எடுக்காதே என்றாள்? அவள் பெயரைச் சொல்லி இங்கே ஆட்டம் போட்டவன் அல்லவா கல்லுக்குண்டு மாதிரி நடமாடுகிறான்? அதே சமயம், எந்தக் கட்சிக் கொடி கட்டின கார் மலையேறி வந்தாலும், அதிலிருந்து எவர் இறங்கிக் கும்பிட்டாலும், பாவாயி வாய் விட்டே ஏசினாள். இவர்கள் பெரியவர்களாக இருப்பதே கீழே இருக்கிற பெரியண்ணன்கள் பிழைப்பதற்குத்தான் என்பாள். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று ஊர் சொன்னது. அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பெரியண்ணனும் சும்மா இருக்கவில்லை. இடுகாட்டுக்குப் போகும் பழைய தடம் அவனுடைய காப்பித் தோட்டத்தை ஒட்டிப் போனது. ஒரு கோடையில் முள்கம்பி அடித்து அந்தத் தடத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டான். தடத்தின் மேலேயே காப்பிச் செடி நட்டான். ஊர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தது. அதற்கப்புறம் பிணம் போக வேண்டுமென்றால் குழந்தைவேலின் சின்னக் காப்பிக்காட்டு வழியாகத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கி, பாறையும் உண்ணிச்செடியுமாகக் கிடக்கும் ஓடையோடு சுற்றி ஏற வேண்டும். ஒற்றை ஆள் தத்தித் தடுமாறி ஏறிவிடலாம், பாடை ஏறாது. குழந்தைவேல் தன் வேலியில் ஒரு படல் வைத்துக் கட்டி, சாவு விழுந்தால் திறந்துவிட்டார். அதற்கு ஒரு நல்ல வார்த்தைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருசம் பங்குனியில் அத்தாயி படுத்த படுக்கையானாள். மருமகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கஞ்சி ஊற்றப் போனவள் பாவாயி. அந்த வீட்டு வாசலை மிதிக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசும், ஆனாலும் கிழவியின் மடி மறக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தாள். ஒருநாள் கஞ்சி குடித்து முடித்த கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அப்பிடி ஒரு மொறையே கெடையாது சாமி. என்ற ஊட்டுக்காரரு காலத்துல நான் கேட்டதில்ல. எம்மவன் இட்டுக்கட்டினது. அன்னைக்கே அவங்கிட்டச் சொன்னேன், வாய மூடுன்னுட்டான்."

பாவாயி வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னாள். குழந்தைவேல் நம்பவில்லை. கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது, ஏதோ உளறுகிறாள் என்றார். சொல்லிக்கொண்டே காலண்டர் படத்தின் தூசியைத் துண்டால் துடைத்தார். அவர் ஏன் நம்ப மாட்டேன் என்கிறார் என்று பாவாயிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அது முறை இல்லையென்றால், கட்டினவளை மூன்று நாள் ஈ மொய்க்கப் போட்டுவைத்ததற்கு அவருக்கு வேறு என்ன சமாதானம் இருக்கிறது? இதைப் பெரியண்ணன் வாயாலேயே, ஊர் நடுவில், சொல்லவைக்க வேண்டும். அது ஒன்று நடந்தால் போதும் என்று அவள் நினைத்தாள். எப்படி நடக்கும் என்றுதான் தெரியவில்லை.

வைகாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுபடியும் ஜேசுதாஸ்தான் காலையில் சேதி கொண்டுவந்தார். ராஜீவ் காந்தி ஓட்டுக் கேட்க மெட்ராஸ் பக்கம் வந்த இடத்தில் குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்களாம். கீழே சேலத்தில் பஸ் ஓடவில்லை, கடைகளை உடைக்கிறார்கள், மலைக்கு மேலேயும் ஒன்றும் வராது என்றார். குழந்தைவேல் காலண்டர் படத்துக்கு முன்னால் போய் நின்று, "உங்க மவனும் போயிட்டானே தாயி" என்றார். மற்ற நாளாக இருந்தால் பாவாயி கத்தியிருப்பாள். அன்றைக்கு அவளும் அந்தப் படத்தைப் பார்த்தாள். செத்தவனும் ஒரு காலத்தில் அம்மாவைக் கிடத்திவிட்டு அதே மூன்று நாள் காத்துநின்றவன்தானே என்று தோன்றியது. அப்பாவுக்குத் தெரியாமல் அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு வருசம் கழித்து ஒரு தலைவனுக்காக அவள் அழுதது அன்றைக்குத்தான்.

அந்த இரக்கத்தையும் நிற்கவிடாமல் செய்தான் பெரியண்ணன். தண்டோரா போட்டுவிட்டான். எஸ்டேட்டுக்கு யாரும் போகக் கூடாது, கல்யாணம் காதுகுத்து கூடாது, ஊரில் சாவே விழுந்தாலும் டெல்லியில் எடுக்கும் வரை எடுக்கக் கூடாது, அது முறை. வெற்றுப் பாடை கட்ட மூங்கில் வெட்டச் சொல்லிவிட்டு, வட்டாரத் தலைவருக்கு ஆள் அனுப்பினான். இதெல்லாம் காலையில். அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் அத்தாயி செத்துப்போனாள்.

பாவாயி கேள்விப்பட்டதும் எழுந்து போனாள். போகும்போது பரணிலிருந்து ஒரு பழைய கூடையை இறக்கினாள். பக்கத்து வீட்டில் போன வருசத்து ஆரஞ்சுத் தோல் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூக்கு எரிந்தது, குமட்டியது, விடவில்லை. கிழவியின் காலடியில் நெருப்புச் சட்டி வைத்து, கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். பெரியண்ணன் ஒரு தரம் உள்ளே வந்து அவளைப் பார்த்தான். வந்த வழியே வெளியே போய்விட்டான்.

வைகாசி வெயில் மலையையும் விடாது. மறுநாள் பத்து மணிக்கே வந்தவர்கள் மூக்கைத் தேய்க்கத் தொடங்கினார்கள். பெரியண்ணனின் பெண்டாட்டி முதலில் எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் பெரியண்ணன் வெளியே நின்று நாலு பேரிடம் பேசுவது கேட்டது. கிழவி பேரன் பேத்தி எடுத்தவள், இது கல்யாணச் சாவு, இதற்கு அந்த முறை சேராது, மத்தியானமே எடுத்துவிடலாம் என்றான். டெல்லியில் மறுநாள்தான் எடுக்கப்போகிறார்கள் என்று காலையில் ரேடியோ சொல்லியிருந்தது. பாவாயி கையிலிருந்த தோலை நெருப்பில் போட்டாள். கிழவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு நேரே தன் காட்டுக்குப் போய், படலை இழுத்துச் சாத்தி, கயிறு போட்டுக் கட்டி, அதற்கு முன்னால் நின்றுகொண்டாள்.

மேளம் முழங்கப் பாடை வந்தது. முன்னால் பெரியண்ணன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகக் கொள்ளிச்சட்டி பிடித்து நடந்துவந்தான். படல் கட்டியிருப்பதைப் பார்த்து நின்றான். மேளமும் நின்றது.

"டெல்லியில இன்னும் எடுக்கலீங்களே மாமா" என்றாள் பாவாயி.

அவன் சிரிக்கப் பார்த்தான். வழியை விடு கண்ணு என்றான். இது வேறு சாவு, வெயில் ஏறுகிறது என்றான். எங்கம்மாவுக்கு முப்பது வயசு, வயசு கம்மி என்றால் மூன்று நாள் நாறலாமா என்று அவள் கேட்டாள். அவனுக்கு முகம் கறுத்தது. குடும்பத்தோடு ஊரை விட்டுத் தள்ளிவைத்துவிடுவேன், நெருப்புத் தண்ணி கிடைக்காது என்றான். வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"எங்க காடுதான வேண்டாங்கறேன்? பழைய தடம் உங்க தோட்டத்துக்குள்ளதான கெடக்குது. உங்க கம்பியப் பிடுங்கிட்டு, உங்கம்மாவ உங்க காட்டு வழியா எடுத்துட்டுப் போங்க."

எல்லாருடைய கண்ணும் அந்தக் கம்பிவேலிப் பக்கம் திரும்பியது. பத்தடி தள்ளித்தான் இருந்தது. உள்ளே காப்பிச் செடிகள் இடுப்புயரம் வளர்ந்து, அந்த வருசம்தான் முதல் காய் பிடித்து நின்றன. பெரியண்ணன் வேலியையும் பார்த்தான், பாடையையும் பார்த்தான். ஒருமுறை அந்தப் பாடை உள்ளே போனால் தடம் மறுபடி ஊர்த்தடம் ஆகிவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? பெற்றவளுக்காகக்கூட அந்தப் பக்கம் ஒரு அடி வைக்கவில்லை.

இதற்குள் குழந்தைவேல் மூச்சிரைக்க ஓடிவந்தார். "உடு சாமி, ஊரு பகை வேண்டாம், தொறந்துடு" என்று மகளிடம் கெஞ்சினார். கவுண்டரே, சின்னப் பிள்ளை, மன்னிச்சுக்கோங்க என்று அந்தப் பக்கமும் கும்பிட்டார். கயிற்றை அவிழ்க்கக் கை நீட்டினார். பாவாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொறக்கறனுங்கப்பா. டெல்லியில எடுக்கற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு ஒரு மொறை இருந்துச்சா இல்லையான்னு அவரை ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இருந்துச்சுன்னா நாளைக்கு வரட்டும். இல்லீன்னா இப்பவே போவட்டும்."

பெரியண்ணன் இந்தப் பேச்சுக்கு என்னென்னவோ சொன்னான். அந்தக் காலம் வேறு என்றான். பெரிய மனுசர்களைக் கேட்டுத்தான் செய்தேன் என்று திரும்பிப் பார்த்தான். பெரிய மனுசர்கள் இந்தத் தரம் தரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எடுத்த பாடையை வழியில் இறக்கக் கூடாது. அது மெய்யாகவே முறை, யாரும் இட்டுக்கட்டினது இல்லை. சுமந்தவர்களுக்குத் தோள் இறங்கியது, வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. முன்பக்கம் தோள் கொடுத்திருந்த பொன்னுவேல், பெரியண்ணனின் பங்காளி, கடைசியில் பொறுக்கமாட்டாமல், "சொல்லித் தொலையுங்க கவுண்டரே, ஆத்தா வெயில்ல காயறா" என்றான்.

"இல்ல" என்றான் பெரியண்ணன். "அப்பிடி மொறை ஒண்ணும் இல்ல. வட்டாரத் தலைவரு ஜீப்புல வர்றேன்னு சொல்லியிருந்தாரு. ஊருல வேற எழவு நடந்தா ஊர்வலத்துக்கு ஆளு சேராதுன்னு பார்த்தேன். போதுமா?"

பாவாயி கயிற்றை அவிழ்த்தாள். படலைத் தூக்கி ஓரமாக வைத்தாள். இத்தனை வருசம் எதற்குக் காத்திருந்தாளோ அது நடந்துவிட்டது. ஆனால் மனசு குளிரவில்லை. வெறுமையாகத்தான் இருந்தது. தள்ளி நின்று வழிவிட்டாள். பாடை நகரவில்லை. என்னவென்று திரும்பிப் பார்த்தாள். திறந்த படலின் நடுவில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

குழந்தைவேலின் ஒரு கை தலைமேல் இருந்தது. நரைத்த முடியை அவர் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்த மொட்டை யாருக்குடா அடிச்சேன்?" என்றார்.

அவர் வாயிலிருந்து எவருக்கும் 'டா' வந்து ஊர் கேட்டதில்லை.

"எம்பொண்டாட்டி மூணு நாளு கெடந்தா. நான் பக்கத்துல உக்காந்து, மொறை மொறைன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். ஈ ஓட்டினது நானில்ல, இதா பாடையில கெடக்காளே இந்த ஆத்தா." துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "ஆத்தாள நாங்க தூக்கிட்டுப் போறோம். நீ எங்காட்டுல காலு வெக்காத."

சொல்லிவிட்டுப் பொன்னுவேலை விலக்கித் தன் தோளை முன்பக்கம் கொடுத்தார். நடந்தார். பாடை அவரோடு போனது. ஊர் பின்னால் போனது. மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் படலைத் தாண்டி உள்ளே வந்து அடிக்கத் தொடங்கினார்கள். வெளியே பெரியண்ணன் மட்டும் புகைகிற சட்டியோடு நின்றான். கம்பிவேலிப் பக்கம் போனான். கம்பியில் கை வைத்தான். உள்ளே காய்களைப் பார்த்தான். கையை எடுத்துவிட்டு ஓடைப் பள்ளத்தில் இறங்கினான்.

பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. பாவாயி தன் காட்டின் மேட்டு ஓரத்தில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் குழியும் தெரியும், சற்றுத் தள்ளி அவள் அம்மாவைப் புதைத்த இடமும் தெரியும். பாடையைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கியிருந்தார்கள். மகன் வராமல் ஆக வேண்டியது ஒன்றும் ஆகாது. மேளம் அடித்து அடித்து ஓய்ந்தது. பள்ளத்தில் உண்ணிச்செடிகளுக்கு நடுவே கொள்ளிச்சட்டியின் புகை மட்டும் தெரிந்தது, கொஞ்சம் மேலே வரும், சறுக்கிக் கீழே போகும், மறுபடி மேலே வரும். வெயில் பொறுக்காமல் யாரோ, இன்னும் எவ்வளவு நேரம்தான் இப்படிக் காத்திருப்பது என்று கேட்டார்கள்.

குழந்தைவேல் சின்னத்தாயியைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இருங்க, வரட்டும். மூணு நாளா ஆயிடப் போவுது?"